சாட்சி சொல்லத் தயங்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நண்பன் கேட்ட கேள்விகளுக்குப் பதில் தெரியாமல் விழித்ததாகவும், வேதத்தை முழுசாகக் கற்றுத் தேறும்வரை இயேசுவைப் பற்றி வாயே திறக்கப்போவதில்லை என்றும் எழுதியிருந்தாய். அப்படிப் பார்த்தால் யாருமே எந்தக் காலத்திலும் வாய் திறக்க முடியாது.

யோவான் 9-ஆம் அதிகாரத்தை இன்னொரு தரம் வாசி. அற்புதம் ஏழாம் வசனத்தோடு முடிந்துவிடும். அதற்கப்புறம் நடக்கும் விசாரணையைக் கவனி. பிறவிக் குருடனாயிருந்தவனை அக்கம்பக்கத்தார் கேட்கிறார்கள். இயேசு என்று ஒருவர் கண்ணில் சேறு பூசினார், போய்க் கழுவினேன், பார்வை வந்தது என்கிறான். அவர் எங்கே? தெரியாது. அதைச் சொல்ல அவன் கூச்சப்படவே இல்லை. யூத மதத் தலைவர்களான பரிசேயர் விசாரிக்கும்போது, இயேசு ஒரு தீர்க்கதரிசி என்கிறான். அவர்கள் விடாமல், அந்த மனுஷன் பாவி என்று அடித்துச் சொல்ல, அவர் பாவியோ என்னவோ எனக்குத் தெரியாது, நான் குருடனாயிருந்தேன், இப்பொழுது காண்கிறேன், அது ஒன்று தெரியும் என்கிறான். கேட்கக் கேட்க அவனுக்கே தெளிவு கூடுகிறது. 33-ஆம் வசனத்துக்கு வரும்போது அவர் தேவனிடத்திலிருந்து வந்தவர் என்று வாதாடுகிறான். அவனை வெளியே தள்ளிவிட்ட பிறகுதான் இயேசு அவனைத் தேடி வருகிறார். அதாவது, இவ்வளவையும் அவரை ஒருமுறைகூடக் கண்ணால் பார்க்காமலே சொல்லியிருக்கிறான்!

(நடுவில், நீங்களும் அவருக்குச் சீஷராக விரும்புகிறீர்களோ என்று பரிசேயரையே சீண்டுகிறான். அதை மட்டும் நீ உன் நண்பனிடம் முயன்று பார்க்காதே.)

எனவே தெரியாததைத் தெரியாது என்று சொல். தெரிந்ததைக் கூட்டாமல் சொல். சிலருடைய சாட்சி வருஷத்துக்கு வருஷம் வளர்வதைக் கேட்டிருப்பாய். பழைய பாவமும் பெருகும், அற்புதமும் பெருகும். உன் கதை சின்னது என்றால் சின்னதாகவே இருக்கட்டும்.

வேதம் படிக்காதே என்று சொல்லவில்லை. 1 பேதுரு 3:15 ஆயத்தமாயிருக்கச் சொல்கிறது. ஆனால் யாருக்குப் பதில் சொல்ல? விசாரித்துக் கேட்கிறவர்களுக்கு, அதுவும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும். ஒருவர் விசாரிக்க வேண்டுமானால், முதலில் அவர் பேசுவதை நாம் காதுகொடுத்துக் கேட்டிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

நண்பன் கும்பிடும் தெய்வத்தை ஒருபோதும் கிண்டல் செய்யாதே. அப்போஸ்தலர் பவுல் எபேசு பட்டணத்தில் இரண்டு வருஷத்துக்கு மேல் போதித்தார். ஊரே கொந்தளித்து அவருடைய தோழர்களைப் பிடித்தபோது, இவர்கள் உங்கள் தேவியைப் பழித்தவர்களல்ல என்று கூட்டத்தை அடக்கியவர் அந்த ஊர் அதிகாரி. அப்போஸ்தலர் 19:37-இல் இருக்கிறது. அவர் சீஷரும் இல்லை. வெளியாள் ஒருவர் நம்மைப் பற்றி அப்படிச் சொல்வாரா என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

கடைசியாக, அவன் போதும் என்றால் நிறுத்திவிடு. மாற்கு 10-இல், உள்ளதை விற்றுத் தரித்திரருக்குக் கொடுத்துவிட்டு என்னைப் பின்பற்றி வா என்று இயேசு சொன்னதும், ஐசுவரியவான் ஒருவன் துக்கத்தோடு திரும்பிப் போகிறான். இயேசு அவன்மேல் அன்புகூர்ந்தார் என்று அங்கேயே எழுதியிருக்கிறது. ஆனாலும் பின்னால் ஓடிப் பிடிக்கவில்லை, சொன்னதைக் குறைத்துக்கொள்ளவும் இல்லை. நீயும் பேச்சை மாற்று. ஜெபத்தில் அவன் பெயரைச் சொல். நட்பை மட்டும் குறைத்துவிடாதே.

அன்புடன்,
அண்ணன்