ஜாம் வைத்த மஃபினுக்குக் கைகொடுத்தவர்களுக்கு

பாபநாசம் பக்கத்து எங்கள் ஊர் சனங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நவம்பர் 14 குழந்தைகள் தினத்துக்கு நம் தொடக்கப் பள்ளியில் கொடுத்த மஃபினுக்குப் பாராட்டெல்லாம் எனக்கே வந்து சேருகிறது. தெருவில் இறங்கினால், "ஜாமை எப்படிம்மா உள்ளே வச்சே?" என்று கேட்காத ஆளில்லை. பேசாமல் வாங்கிக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் பங்கு போட்டால் என் பங்கு ரொம்பச் சின்னது.

முதல் நன்றி கீழத்தெரு அத்தைக்கு. அணில் கடிக்கும் முன்னே கொல்லைக் கொய்யாவைப் பறித்து, பை நிறைய அனுப்பி வைத்தார்கள். கடையில் ஜாம் வாங்கிவிடலாம் என்றுதான் இருந்தேன். "கொய்யா காய்க்கிற ஊர்ல காசு கொடுத்து ஜாம் வாங்குவாளாம்!" என்றார்கள், அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. கொய்யாவில் ஜாமை இறுக வைக்கிற பெக்டின் என்ற சத்து நிறைய. சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் சேர்ந்தால் நன்றாக இறுகும்; அன்னாசி இவ்வளவு சுலபமாக வழிக்கு வராது. வேகவைத்து, விதை போக வடிகட்டி, சுமார் 105 டிகிரி வரும்வரை கிளறவேண்டும். அத்தைக்கு வெப்பமானி எதற்கு? டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டார்கள். கரையாமல் அடியில் போய் உட்கார்ந்தது. "இறக்குடி" என்றார்கள், இறக்கினேன். கொதிக்கிற விழுது தெறிக்கத் தெறிக்கக் கரண்டியை விடாமல் பிடித்தவள் என் நாத்தனார்.

அடுத்து பேக்கரி மாஸ்டர் அண்ணன். மதியம் பன் வேலை முடிந்த பிறகு ஓவனை எங்களுக்கு விட்டுக்கொடுத்தார். வாடகை வாங்கவில்லை, அதட்டலுக்கு மட்டும் குறைவில்லை. மைதாவை நனைத்த பிறகு கலக்கக் கலக்க அதிலுள்ள குளூட்டன் என்ற பசைச் சத்து இறுகி மஃபின் ரப்பராகிவிடும், உள்ளே நீள நீளமாக ஓட்டை விழும் என்பது அவர் பாடம். அங்கங்கே மாவுத் தடம் தெரியும்போதே கையை எடுத்துவிட வேண்டும். சப்பாத்திக்குப் பிசைந்தே பழகிய கைக்கு இது சோதனைதான்.

கேட்டவர்களுக்காக அவர் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். முட்டை சாப்பிடாத வீட்டுப் பிள்ளைகளும் இருப்பதால் தயிர் போட்டுச் செய்தது. ஒன்றரை கப் மைதா, ஒன்றேகால் டீஸ்பூன் பேக்கிங் பவுடர், அரை டீஸ்பூன் சமையல் சோடா, சிட்டிகை உப்பு ஒரு பக்கம். ஒரு கப் தயிர், முக்கால் கப் சர்க்கரை, அரை கப் எண்ணெய் இன்னொரு பக்கம். சேர்த்ததும் பேப்பர் கப்பில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக மாவு, நடுவில் ஒரு டீஸ்பூன் ஜாம், அதை மூட மேலே மாவு. பேப்பர் கப்பில் முக்கால் பாகத்துக்கு மேல் போனால் வழிந்துவிடும். 180 டிகிரியில் சுமார் 20 நிமிடம். ஜாம் ஓரத்தில் படக்கூடாது, பட்டால் அங்கே ஒட்டிக் கருகும். நீர்த்த ஜாம் என்றால் அடியில் இறங்கிவிடும். அத்தையின் டம்ளர் சோதனை இங்கேதான் கைகொடுத்தது.

ஐப்பசி அடைமழையில் தென்னை மட்டை கம்பியில் விழுந்து கரண்ட் போனது நினைவிருக்கும். ஓவனும் கரண்டில் ஓடுவது. தயிரும் சோடாவும் சேர்ந்துவிட்டால் மாவு காத்திருக்காது என்று மாஸ்டர் இரண்டையும் தனித்தனியாகவே வைக்கச் சொல்லியிருந்தார், தப்பித்தோம். கொட்டுகிற மழையில் வந்து மட்டையை எடுத்த லைன்மேன் தம்பிக்கு மஃபின் கொடுத்தேன். "ட்யூட்டிக்கா" என்று சிரித்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

தட்டுகளைத் தார்ப்பாய் மூடிக் கொண்டுவந்த ஆட்டோ அண்ணனுக்கும், மேலே ஆறினாலும் உள்ளே ஜாம் ஆறியிருக்காது என்று பிள்ளைகளைப் பொறுமையாக உட்காரவைத்த தலைமை ஆசிரியைக்கும் நன்றி. அந்தப் பொறுமை எனக்கு வராது. திருவையாற்று அசோகா அல்வா இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்ட பெரியவருக்கும் நன்றி. இரண்டு சாப்பிட்டுவிட்டுத்தான் கேட்டார்.

அப்புறம் ஒரு விஷயம். மூடியில்லாத எவர்சில்வர் தூக்கு ஒன்றும் பித்தளைக் கரண்டி ஒன்றும் எங்கள் வீட்டில் இருக்கின்றன. யாருடையது என்று தெரியவில்லை, வந்து வாங்கிக்கொள்ளுங்கள். ஜாம் கொஞ்சம் மீதி இருக்கிறது. காலி பாட்டிலோடு வந்தால் கிடைக்கும்.

இப்படிக்கு,
மேலத்தெரு மாடி வீட்டுக்காரி