செயலாளரின் ஆண்டறிக்கை: சரக்கு வேலையும் நம் பிள்ளைகளும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழு நண்பர்களே, குன்னூர், கோத்தகிரி, கேத்தி பாலாடா பக்கங்களிலிருந்து மழையைப் பார்க்காமல் வந்திருக்கும் உறுப்பினர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

வழக்கமான விஷயங்களைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். நிர்வாகக் குழு மாதந்தோறும் கூடியது. சந்தா வசூல் பரவாயில்லை. பாக்கி வைத்திருப்பவர்கள் யார் என்பதைப் பொருளாளர் தம் அறிக்கையில் சொல்வார், நான் பகைத்துக்கொள்ள விரும்பவில்லை. மறைந்த உறுப்பினர்களின் குடும்பங்களுக்கு ஈமச்சடங்கு நிதி அன்றன்றே சேர்ப்பிக்கப்பட்டது. சீசன் நாட்களில் மலைப்பாதை நெரிசலில் லோடு வண்டிகள் சிக்குவது பற்றி மனு கொடுத்தோம். 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் இருந்தும், பர்லியாறில் நிற்கும் லாரி நின்றபடிதான் இருக்கிறது.

சரி, இனி முக்கியமான விஷயம். சென்ற பொதுக்குழுவில் பல பெற்றோர் ஒரே கேள்வியைக் கேட்டீர்கள். பையனும் பெண்ணும் லாஜிஸ்டிக்ஸ், சப்ளை செயின் என்று, அதாவது சரக்கை வாங்கி, கோடவுனில் வைத்து, சேர வேண்டிய இடத்துக்கு அனுப்பும் வேலையைப் படிக்கிறார்கள், மெஷின் வந்து எல்லாவற்றையும் பிடுங்கிக்கொள்ளும் என்கிறார்கள், வெளிநாட்டில் இதற்கு வேலை உண்டு என்றும் சொல்கிறார்கள், எதை நம்புவது? வருடம் முழுக்க இதற்கே அதிக நேரம் போனது. தெரிந்ததைச் சொல்கிறேன்.

மெஷின் புதிதாக வரப்போகிற ஒன்றல்ல, வந்து நாளாகிவிட்டது. தேயிலை பேக்டரியில் காம்பு பொறுக்க வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் இப்போது நிறத்தைப் பார்த்துப் பிரிக்கும் கலர் சார்ட்டர் மெஷின் நிற்கிறது. 1963-ல் தொடங்கிய குன்னூர் தேயிலை ஏலத்தில் சுத்தியல் தட்டும் சத்தம் போய், எல்லாம் கம்ப்யூட்டர் திரைக்கு வந்துவிட்டது. பாலாடாவில் கேரட் கழுவுவதும் மெஷின்தான். வெளியே பார்த்தால், அமேசான் 2012-ல் கிவா என்ற ரோபோ கம்பெனியை விலைக்கு வாங்கியது. 2025-ல் தன் கோடவுன்களில் 10 லட்சம் ரோபோக்கள் ஓடுவதாக அறிவித்தது. ஆகவே ஸ்டாக் ரிஜிஸ்டரில் வரவு எழுதி, பற்று எழுதி, மாலையில் கூட்டிப் பார்ப்பது மட்டுமே ஒருவருடைய வேலை என்றால், அந்த வேலை நிற்காது. நம்மில் பாதிப் பேர் அந்த வேலையில்தான் தலை நரைத்தோம் என்பதால் இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல விரும்பவில்லை. இந்து நகர் பிலிம் பேக்டரியில் இருந்த மூத்த உறுப்பினர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அங்கே ஆளுக்குப் பதில் மெஷின் வரவில்லை. படச்சுருளே யாருக்கும் வேண்டாம் என்று ஆகிவிட்டது.

ஆனால் எது போகாது என்பதையும் இந்த வருடம் நேரில் பார்த்தோம். வடகிழக்குப் பருவமழையில் மரப்பாலம் அருகே மண் சரிந்து மேட்டுப்பாளையம் ரோடு அடைபட்ட நாள். கொச்சிக்குப் போக வேண்டிய தேயிலை லாரி குன்னூரிலேயே நின்றுவிட்டது. துறைமுகத்தில் கன்டெய்னர் உள்ளே போக வேண்டிய கெடு மறுநாள். அந்தப் பேக்டரி ஸ்டோரில் இருப்பவர் நம் உறுப்பினர் ஒருவரின் மகள். முதலில் ஷிப்பிங் ஏஜெண்டுக்குப் போன் செய்து கெடு நீளுமா என்று கேட்டார், நீளாது என்றார்கள். பெரிய லாரி கோத்தகிரி ரோட்டில் அந்த மழையில் வேண்டாம் என்று முடிவெடுத்து, லோடை இரண்டு சின்ன வண்டிக்கு மாற்றினார். இன்வாய்ஸைப் பிரித்து, சரக்கோடு போக வேண்டிய ஜிஎஸ்டி சீட்டான இ-வே பில்லைப் புது வண்டி நம்பர்களோடு போட்டார். வாங்குகிறவருக்கு மெயில் அனுப்பிவிட்டு, சுமைப்பணித் தோழர்களுக்கு இரவு டிபனும் சொல்லிவிட்டார். சரக்கு கெடுவுக்குள் போய்ச் சேர்ந்தது. எந்த சாப்ட்வேரும் இதைச் செய்யாது. ரோடு மூடியிருக்கிறது என்று சிவப்பு விளக்குக் காட்டும், அவ்வளவுதான். 2021 மார்ச்சில் எவர் கிவன் கப்பல் சூயஸ் கால்வாயில் ஆறு நாள் மாட்டிக்கொண்டபோதும், 2023 இறுதியிலிருந்து செங்கடல் தாக்குதலுக்குப் பயந்து கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போனபோதும், பெரிய கம்பெனிகளில் சப்ளை செயின் மேனேஜர்கள் செய்ததும் இதே காரியம்தான். அளவு மட்டும் பெரிது.

தேயிலை லோடை அனுப்பிய இந்தப் பெண்ணின் பதவிப் பெயர் ஜூனியர் அசிஸ்டென்ட்! இதற்கு முன் வேலை பார்த்த இடத்தில் வாங்கிய சான்றிதழை என்னிடம் காட்டினார். சேர்ந்த தேதி, விலகிய தேதி, கீழே ஒரு வரி: ‘நேர்மையும் நல்லொழுக்கமும் உள்ளவர்.’ மலையில் நாம் எல்லோரும் கொடுப்பதும் வாங்குவதும் இதே சான்றிதழ்தான். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க அது போதும். ஆஸ்திரேலியாவுக்குப் போதாது.

வெளிநாட்டு விஷயத்தில் நான் படித்தும் கேட்டும் புரிந்துகொண்டதில் பாதி இந்த ஒரு காகிதத்தில் அடங்கிவிடும். விசா கேட்பவரின் படிப்பையும் அனுபவத்தையும் சரிபார்த்துத் தொழில் மதிப்பீடு செய்கிறவர்கள் பதவிப் பெயரைப் பார்த்து மயங்குவதில்லை. கம்பெனி லெட்டர்ஹெட்டில், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், என்னென்ன பொறுப்பு, கையெழுத்துப் போட்டவர் யார் என்று கேட்கிறார்கள். கூடவே சம்பளச் சீட்டு, பி.எப்., வங்கிக் கணக்கு. மேனேஜர் என்று எழுதி வேலை விவரம் குமாஸ்தா வேலையாக இருந்தால் தள்ளிவிடுவார்கள். செய்தது மேனேஜர் வேலையாகவே இருந்து அதை எழுதாமல் விட்டாலும் கதை அதேதான். சம்பளத்தைக் கவரில் போட்டுக் கையில் கொடுக்கும் முதலாளிகள் இந்த மலையில் இன்னும் இருக்கிறார்கள். வாங்குகிறவருக்கும் அது வசதியாகத்தான் இருக்கிறது. பத்து வருட அனுபவம் காற்றோடு போவது அப்புறம்தான் தெரியும்.

கணக்கைப் பாருங்கள். வயது, படிப்பு, அனுபவத்துக்குப் புள்ளி போட்டுக் குடியேற்ற விசா தரும் ஆஸ்திரேலியப் புள்ளி முறையில் விண்ணப்பிக்கவே 65 வேண்டும். 25 முதல் 32 வயது வரை 30 புள்ளி, இளங்கலைப் பட்டத்துக்கு 15, வெளிநாட்டில் (அவர்களுக்கு நம் குன்னூர் வெளிநாடு) மூன்று வருட வேலைக்கு 5. மணமாகாதவருக்கு 10. ஆங்கிலத் தேர்வில் ஐஈஎல்டிஎஸ் ஒவ்வொரு பிரிவிலும் 7 எடுத்தால் 10, 8 எடுத்தால் 20. வயதை நாம் கூட்ட முடியாது, குறைக்கவும் முடியாது. கையில் இருப்பது ஆங்கிலமும் அனுபவக் காகிதமும்தான். 65 எடுத்தவரை எல்லாம் கூப்பிடுவதும் இல்லை. மேலே இருப்பவர்களுக்கே முதல் அழைப்பு. 45 வயதானால் இந்த வழியே கிடையாது. தொழில்களின் பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால், அரசு இணையதளத்தில் அன்றைய நிலையைப் பார்த்த பிறகே பணம் கட்ட வேண்டும்.

பிரிட்டன் கடினமாகிவிட்டது. வேலை விசாவுக்கு வருடச் சம்பளம் குறைந்தது இவ்வளவு என்ற வரம்பு 2024 ஏப்ரலில் 38,700 பவுண்டு ஆனது. 2025 ஜூலை 22 முதல் 41,700. ஜெர்மனி 2024 ஜூனில் வேலை தேடிப் போவதற்கென்று வாய்ப்பு அட்டை ஒன்று தொடங்கியிருக்கிறது. போய்த் தங்கக் கையில் பணம் காட்ட வேண்டும், ஜெர்மன் மொழியும் தெரிந்தால்தான் வேலை நகரும்.

கனடா பற்றி மட்டும் கொஞ்சம் கோபத்தோடு சொல்கிறேன். வேலைக் கடிதம் இருந்தால் அவர்களுடைய எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற குடியேற்றப் புள்ளி முறையில் கூடுதல் புள்ளி என்ற விதி 2025 மார்ச் 25-ல் எடுக்கப்பட்டது. அதற்குப் பிறகும் சமவெளியில் ஓர் ஏஜென்சி, நம் உறுப்பினர் ஒருவரிடம் அந்தப் புள்ளிக்காகவே ‘கிடங்கு மேனேஜர்’ கடிதம் என்று சொல்லிப் பணம் வாங்கியிருக்கிறது. அவர் மனைவியின் நகை அடகில் இருக்கிறது. வளைகுடாவுக்கு ஆள் எடுப்பவர் மத்திய அரசில் பதிவு பெற்றவரா என்று இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். அவர் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான், அதற்கும் ரசீது உண்டு. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது. முதலில் அங்கே கேளுங்கள்.

எல்லோரும் கடல் கடக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கோவை சூலூர் பக்கத்துக் கோடவுன்கள், ஓசூர், ஸ்ரீபெரும்புதூர், தூத்துக்குடி என்று வேலை இருக்கிறது. 2025 மே மாதம் திறந்த கேரளத்து விழிஞ்சம் துறைமுகமும் தூரமில்லை. முதல் நாளே மேனேஜர் நாற்காலி கிடைக்காது. நைட் ஷிப்ட், காண்ட்ராக்ட் வேலை, ஸ்கேனர் பிடித்து நடப்பது, இதெல்லாம் முதல் இரண்டு வருடம். அந்த இரண்டு வருடத்தில் எக்செல், பெரிய கம்பெனிகள் ஸ்டாக்கும் கணக்கும் பார்க்கும் எஸ்.ஏ.பி. சாப்ட்வேர், வாடகைப் பேரம், ஜிஎஸ்டி நடைமுறை என்று கற்றுக்கொள்பவர் மேலே போகிறார். டாலரில் கட்டணம் கட்டும் சர்டிபிகேட் பரீட்சைகளை வேலைக்குச் சேர்ந்த பிறகு, கம்பெனி பணம் கொடுத்தால் எழுதலாம். கடன் வாங்கி எழுத வேண்டாம் என்பது என் சொந்தக் கருத்து. துணைத்தலைவருக்கு இதில் வேறு கருத்து உண்டு, அவரும் பேசுவார்.

அனுபவச் சான்றிதழின் மாதிரி ஒன்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தயாரித்து வைத்திருக்கிறோம். மேலே சொன்ன பெண்ணுக்கு அதன்படி கேட்டபோது, பழைய முதலாளி ‘இவ்வளவு வேலையா செய்தாய்?’ என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். இன்று ஆளுக்கொரு பிரதி வாங்கிக்கொள்ளுங்கள். முதலாளிகளாக இருக்கும் உறுப்பினர்கள் இரண்டு பிரதி.

பொதுக்குழு முன் மூன்று கோரிக்கைகள் இருக்கின்றன. சங்க அறையில் சனிக்கிழமை மாலை எக்செல், ஆங்கில வகுப்பு நடத்த வேண்டும். ஆங்கிலத் தேர்வுக் கட்டணத்துக்குக் கல்வி நிதியிலிருந்து வட்டியில்லாக் கடன் தர வேண்டும். ஏஜென்சிக்குக் கட்ட என்று கேட்டால் ஒரு ரூபாயும் தரக் கூடாது. மூன்றாவதுக்கு எதிர்ப்பு இருப்பது தெரியும், ஆகவே அதைத் தனியாக ஓட்டுக்கு விடுகிறேன். டீ குடித்துவிட்டு வந்ததும் பொருளாளர் கணக்கு வாசிப்பார், அதன் பிறகு ஓட்டெடுப்பு.

இப்படிக்கு,
செயலாளர்