சனிக்கிழமை தேவாலயப் பயணம்: பெற்றோர் கவனத்திற்கு

வணக்கம். படிவம் 4, 5 பிள்ளைகளின் பினாங்கு ஜார்ஜ்டவுன் பயணம் வரும் சனிக்கிழமை (14ஆம் தேதி). காலை 8.00க்குக் கொம்தார் பேருந்து நிலையத்தில் கூடுகிறோம், மாலை 4.00க்கு அங்கேயே திரும்புவோம்.

1. முதலில் லெபு ஃபார்குவாரில் 1818இல் கட்டி முடித்த புனித ஜார்ஜ் ஆங்கிலிக்கன் தேவாலயம். முகப்பின் வெள்ளைத் தூண்களையும் எதிரிலுள்ள, பினாங்கில் ஆங்கிலேயர் குடியேற்றத்தைத் தொடங்கிய பிரான்சிஸ் லைட்டின் நினைவு மண்டபத்தையும் படம் வரையச் சொல்லப்போகிறோம். கைப்பேசியில் படம் எடுத்தால் போதாதா என்று கேட்பார்கள். போதாது! பென்சில் கொடுத்தனுப்புங்கள்.
2. அதே சாலையில் விண்ணேற்பு அன்னை ஆலயம், அப்புறம் தமிழ்க் கத்தோலிக்கர் கூடும் புனித பிரான்சிஸ் சவேரியார் ஆலயம்.
3. மதியம் வீடற்றோருக்கான உணவுப் பொட்டலம் கட்டத் தன்னார்வலர்களுக்கு உதவி. எனக்கு இதுதான் முக்கியம்.
4. பசியாறிவிட்டு வரவும். தண்ணீர் பாட்டில், தொப்பி, முழங்காலை மூடும் உடை. வெயிலில் நடை அதிகம். செருப்பு வேண்டாம், போன தடவை ஒருவருக்குப் பாதி வழியில் அறுந்துவிட்டது.
5. மதிய உணவுக்கு 10 வெள்ளி.

புதன் இரவுக்குள் பிள்ளையின் பெயரோடு 'வருகிறார்' அல்லது 'இல்லை' என்று பதில் போடுங்கள். கட்டைவிரல் மட்டும் போட்டால் கணக்கில் வராது. ஒவ்வாமை இருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள்.