பழைய ரிவால்வர்களுக்கு ஏலப் பட்டியல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பட்டியலாசிரியர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்க ஏலங்களில் வரும் பழைய ரிவால்வர்களைப் பற்றி எழுதுகையில், ‘எண்கள் ஒத்துப்போகின்றன, எல்லாம் தொழிற்சாலை அசல்’ என்று ஒரே மூச்சில் முடித்துவிடும் வழக்கத்தைக் கைவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

1873-இல் அமெரிக்கப் படை ஏற்றுக்கொண்ட கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி ரிவால்வரையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சட்டகத்திலும் விசைக்காப்பிலும் பிடியின் பின்பட்டையிலும் வரிசை எண் இருக்கும். படைக்குச் சென்றவற்றில் குழலிலும் தோட்டாக்கள் நிரப்பும் உருளையிலும்கூட இருக்கும். இவை ஐந்தும் ஒத்திருந்தால் மகிழ்ச்சிதான். ஆனால் 1890-களின் நடுவிலிருந்து அதே படை தன் கையிருப்பைத் திரட்டி, ஏழரை அங்குலக் குழல்களை ஐந்தரை அங்குலமாக வெட்டிச் செப்பனிட்டபோது, பிரித்துப் போட்ட உறுப்புகளை எண் பார்த்துச் சேர்க்கப் பெரும்பாலும் எவரும் மெனக்கெடவில்லை. ‘ஆர்ட்டிலரி’ என இன்று நாம் அழைக்கும் அந்தத் துப்பாக்கிகள் பலவற்றில் எண்கள் கலந்திருப்பதே இயல்பு. அப்படியொன்றில் ஐந்து எண்களும் கச்சிதமாக ஒத்துவந்தால், பின்னாளில் எவரோ உறுப்பு தேடிப் பொருத்தினாரா, பழைய எண்ணை அழித்துப் புதிதாகப் பொறித்தாரா என்று உருப்பெருக்கியோடு பார்ப்பதே முறை. நீங்களோ அதையே தடித்த எழுத்தில் போற்றுகிறீர்கள்!

ஸ்மித் அண்ட் வெஸன் கைத்துப்பாக்கிகளில் பிடியின் அடியிலும் உருளையின் பின்முகத்திலும் குழலின் கீழும், பல வேளைகளில் வலப்புறப் பிடிக்கட்டையின் உள்ளேயும் எண் இருக்கும். எண்ணருகே சிறு நட்சத்திரம் தெரிந்தால் அது தொழிற்சாலைக்கே திரும்பிச் சென்று வேலை பார்க்கப்பட்டது. உறுப்புகள் நிறுவனத்தினுடையவையாக இருந்தாலும், முதன்முதலில் வெளிவந்த நிலை அதுவல்ல. பூச்சும் பேசும்: நிக்கல் பூசி விற்கப்பட்ட பழையவற்றில் சுத்தியலும் விசையும் பொதுவாக நிக்கலின்றி, கடினமாக்கிய எஃகின் நிறத்திலேயே இருக்கும். அவையும் பளபளத்தால், விளிம்புகள் மழுங்கி, திருகுக்குழிகளின் ஓரம் சரிந்து, எழுத்துகள் ஆழமிழந்திருந்தால் மறுமெருகு என்றே எழுதுங்கள்.

தொழிற்சாலைக் கடிதத்தை இணைத்துவிட்டாலே போதும் என்பதையும் ஏற்பதற்கில்லை. தயாரித்த நிறுவனத்தின் பேரேட்டின்படி அந்த எண்ணுள்ள துப்பாக்கி எந்த நாளில், எந்தக் குழல் நீளத்தோடும் பூச்சோடும் யாருக்கு அனுப்பப்பட்டது என்பதை மட்டுமே அது கூறும். இன்று மேசைமீது இருக்கும் குழல் அதே குழல்தானா என்பதைக் கடிதம் எழுதியவர் பார்த்ததில்லை.

ஆகவே, எந்தெந்த உறுப்பில் எண்ணைக் கண்டீர்கள் என்பதைப் படத்தோடு வெளியிடுங்கள். பிடிக்கட்டையைக் கழற்றிப் பார்க்கவில்லையெனில் அதையும் அப்படியே எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பட்டியல்களைத் தொடர்ந்து வாசிக்கும் ஒருவன்