செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு ஆறு முறை கூடியது. இரத்த தான முகாமும் மூத்த மருத்துவர்களுக்கான பாராட்டு விழாவும் வழக்கம்போல் நடந்தன.

வாசிப்புக் குழுவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நான் முன்மொழிந்தது, அதனால் பதில் சொல்ல வேண்டியவனும் நான்தான். பல நாட்டு மருத்துவ அகாதமிகள், அதாவது தேர்ந்த மருத்துவ அறிஞர்களின் அமைப்புகள், சேர்ந்து அரசுகளுக்கு எப்படி ஆலோசனை சொல்கின்றன என்று படித்தோம். இதற்கென்றே 2000-இல் ஓர் உலகக் கூட்டமைப்பு தொடங்கியது. ஐரோப்பிய மருத்துவ அகாதமிகள் அதற்கு முன்பே, 1993-இல், கைகோத்துவிட்டன. 2022-இல் வந்த காலநிலையும் சுகாதாரமும் பற்றிய உலக அறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆசியா, ஆப்பிரிக்கா, ஐரோப்பா, அமெரிக்கக் கண்டங்கள் என நான்கு வட்டாரங்களின் அகாதமிகளும் முதலில் தங்கள் நிலைமையைத் தனித்தனியாக எழுதின, அப்புறம்தான் உலக அறிக்கை. அதே வெயில் ஓரிடத்தில் தனியாக வாழும் முதியவரைச் சாய்க்கிறது, இன்னோரிடத்தில் வயலில் நிற்பவரை. ஒரே மேசையில் எழுதியிருந்தால் இதில் ஒன்று விடுபட்டிருக்கும்.

இந்த முறையில் நாமும் ஆன்டிபயாட்டிக் பயன்பாடு குறித்து ஒரு பக்க ஆலோசனைக் குறிப்பு எழுத முடிவு செய்தோம். மருந்து நிறுவனங்களுடன் தொடர்பு உண்டா என்று எழுதிக் கொடுப்பது அகாதமிகளில் முதல் வேலை. அந்தப் படிவத்தை 14 பேருக்குக் கொடுத்தேன், 5 திரும்பின. வாசிப்புக் குழுவின் மூன்றாவது கூட்டத்துக்கு நால்வர் வந்தோம். வராதவர்கள் பிறகு தொலைபேசியில் "நீங்களே எழுதிடுங்க சார், நாங்க கையெழுத்துப் போடறோம்" என்றார்கள். எனக்கு வருத்தமாக இருந்தது. குறுக்குக் கேள்வி கேட்க ஆள் இல்லாமல் நான் மட்டும் எழுதினால் அது என் அபிப்பிராயம், சங்கத்தின் ஆலோசனை என்று அனுப்ப மனம் வரவில்லை. குறிப்பு நான்காம் வரைவோடு நிற்கிறது.

வரவுக்குள் செலவு அடங்கியது, விவரம் பொருளாளரிடம் உள்ளது. சந்தா நிலுவை சென்ற ஆண்டைவிடக் கூடியிருக்கிறது. பாக்கி வைத்தவர்களின் பெயரை இங்கே படிக்கப் போவதில்லை.

தலைவர், பொருளாளர், செயற்குழுவினர், அலுவலக உதவியாளர் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டும் நானே தொடர வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். சரி, தொடர்கிறேன். மீதி 9 படிவங்கள் இன்று என் பையில் இருக்கின்றன. வரைவின் ஓரத்தில் திருத்தம் எழுத இடம் விட்டிருக்கிறேன்.