திரையில் மறைந்தது உள்ளே இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆலய உறுப்பினர் பட்டியல், கூட்டுறவுச் சங்கப் பங்குதாரர் பதிவு, தமிழ்ப்பள்ளியின் முன்னாள் மாணவர் விவரம் எனத் தோட்டப்புறத்து ஏடுகள் ஒவ்வொன்றாகக் கணினிக்கு ஏறுகின்றன. ஆவணத் தரவுத்தளத்தில் அவற்றை ஏற்றும்போது, நிர்வாகத்தினர் திரையை மட்டும் பார்த்து "எல்லாம் சரி" என்று கையெழுத்திட்டுவிடக் கூடாது. திரையில் தெரிவது வேறு, உள்ளே சேமித்திருப்பது வேறு.

1989-இல் வெளிவந்து, இன்று ஹெச்சிஎல் நிறுவனத்திடம் இருக்கும் லோட்டஸ் நோட்ஸ் என்ற ஆவணத் தரவுத்தள மென்பொருள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதில் ஓர் உறுப்பினரின் ஆவணம் என்பது பெயரும் மதிப்புமாக அடுக்கிய புலங்களின் (fields) கட்டு, அவ்வளவுதான். எதை எங்கே, எந்த எழுத்தில் காட்டுவது என்பதெல்லாம் பாரம் (form) என்ற காட்சி வடிவமைப்பின் வேலை. ஆயிரம் ஆவணங்களுக்கும் பாரம் ஒன்றே போதும்.

அந்தப் பாரத்திலிருந்து தொலைபேசி எண்ணை எடுத்துவிட்டால், எண் அழிந்துவிட்டதாக நினைக்கிறார்கள். ஏற்கெனவே சேமித்த ஆவணங்களில் அது அப்படியே கிடக்கும். பண்புப் பெட்டியின் இரண்டாவது தாவலைத் தட்டினால், ஆவணத்தைப் படிக்கும் உரிமை உள்ள எவரும் எண்ணைப் பார்க்கலாம். புலத்தைத் திரையில் காட்டாமல் விடும் மறைப்புச் சூத்திரம் போட்டாலும் கதை இதேதான். அது வெறும் திரைச்சீலை, பூட்டாகாது. உண்மையிலேயே அகற்ற வேண்டுமானால், எல்லா ஆவணங்களிலும் ஓடி அந்தப் புலத்தை நீக்கும் ஏஜெண்டு என்ற சிறு நிரல் ஒன்று எழுத வேண்டும். மோங்கோடிபி என்ற இன்னொரு ஆவணத் தரவுத்தளத்தில் இதற்கு 'அன்செட்' கட்டளை உண்டு. காப்பு நகல்களில் எண் அதற்குப் பிறகும் இருக்கும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. வயதைக் காட்சிக்கு மட்டும் கணக்கிடும் புலமாக வைத்தால், பாரத்தைத் திறக்கும்போது சரியாக வரும், உறுப்பினர்களை வரிசையாகக் காட்டும் பட்டியலில் அந்தப் பத்தி (column) காலியாக இருக்கும். சேமிக்காத ஒன்றைப் பட்டியல் எங்கிருந்து எடுக்கும்? வயதைச் சேமித்தாலோ, கடைசியாக ஆவணத்தைச் சேமித்த நாளின் வயதிலேயே உறுப்பினர் நின்றுவிடுவார். பிறந்த தேதியைச் சேமித்து, வயதைப் பட்டியலின் பத்திச் சூத்திரத்திலேயே கணக்கிடுவதுதான் முறை.

பிறந்த தேதியிலும் ஒரு கண்ணி இருக்கிறது, அது நம் மலேசியாவின் நேர மாற்றத்தால் வருவது. மோங்கோடிபியின் தேதி வகை, உலகப் பொது நேரப்படி ஒரு கணத்தைச் சேமிக்கிறது. 1975 மே 10 என்று உள்ளிடுகிறோம். செயலி அதை நள்ளிரவு 12 மணி என்று எடுத்து, இன்றைய 8 மணி நேர வித்தியாசத்தைக் கழித்து, மே 9 மாலை 4 மணி என்று சேமிக்கிறது. காட்டும் செயலி நேர மண்டல வரலாறு அறிந்ததாக இருந்தால், தீபகற்ப மலேசியாவில் 1981 முடியும்வரை வித்தியாசம் ஏழரை மணி நேரம்தான் என்று கணக்கிடும். மே 9 இரவு 11.30 ஆகிவிடும், திரையில் 9 என்று வரும். 1982-க்குப் பிறகு பிறந்தவர்களின் தேதி சரியாகவே இருப்பதால் பிசகு எளிதில் கண்ணில் படாது. மூத்த உறுப்பினரின் பங்குக்கு வாரிசுகள் விண்ணப்பிக்கும்போதுதான் பிறப்புப் பத்திரத்தோடு அது முட்டும். பிறந்த தேதியை '1975-05-10' என்று எழுத்து வகையிலேயே சேமித்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

அடையாள அட்டை எண்ணும் எழுத்து வகையில்தான் இருக்க வேண்டும். 2000 முதல் 2009 வரை பிறந்தவர்களின் எண் 0-இல் தொடங்கும். எண் வகையில் சேமித்தால் முன்னால் உள்ள 0 போய்விடும். 12 இலக்கத்தையும் கோடில்லாமல் சேமித்து, 6-2-4 என்று பிரித்துக் காட்டுவதைப் பாரத்திடம் விடலாம். லாப ஈவை வெள்ளியில் தசமத்தோடு வைக்காமல் முழுக் காசாகச் சேமிப்பது நல்லது. மூவருக்குத் தலா 33.334 வெள்ளி என்றால் திரையில் ஆளுக்கு 33.33 தெரியும், மொத்தம் மட்டும் 100.00 என்று நிற்கும். பொருளாளர்தான் ஒரு காசுக்குப் பதில் சொல்ல வேண்டிவரும்.

கடைசித் தவணைப் பணத்தைக் கொடுப்பதற்கு முன், ஐந்து உறுப்பினர்களின் ஆவணங்களைப் பாரம் இல்லாமல், சேமித்த வடிவிலேயே அச்சிட்டுத் தரச் சொல்லுங்கள். அவர்களில் ஒருவர் 1982-க்கு முன் பிறந்தவராகவும், ஒருவர் 2003-இல் பிறந்தவராகவும், ஒருவர் தம் தொலைபேசி எண்ணை நீக்கச் சொன்னவராகவும் இருக்கட்டும். அந்தத் தாளைப் பழைய ஏட்டோடு வரிவரியாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

தரவுத்தளப் பராமரிப்பாளர்,
சுங்கை சிப்புட், பேராக்.