கீழே இறங்கும் கன்வேயர்

விருத்தாசலம்

அன்பு மகள் கயல்விழிக்கு,

நானும் அம்மாவும் நலமாக ஊர் வந்து சேர்ந்தோம். வெஸ்ட் வர்ஜீனியாவின் நட்டல்பர்க் சுரங்க ஊரில் மாப்பிள்ளையும் நானும் இரண்டு மணி நேரம் சுற்றியபோது நீ தூங்கும் குழந்தையோடு காரிலேயே இருந்துவிட்டாய். திரும்பும்போதாவது சொல்லலாம் என்றால், கீனிஸ் கிரீக் சாலையின் குறுகலும் வளைவும் எல்லோருடைய வாயையும் அடைத்துவிட்டன. ஆகவே அன்று சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன்.

நெய்வேலியில் கன்வேயர் பிரிவில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். பள்ளத்திலிருந்து பழுப்பு நிலக்கரியை மேலே ஏற்றுவதுதான் எங்கள் பாடு. நட்டல்பர்க்கிலோ எல்லாமே தலைகீழ். சூவெல் என்ற கரிப்படுகை மலைச்சரிவில் உயரத்தில் இருக்கிறது; ரயில் பாதையோ நியூ ரிவர் ஆற்றங்கரையில் அடிமட்டத்தில் ஓடுகிறது. கரியை இறக்குவது எளிதுதானே என்று தோன்றும். ஆனால் அந்தச் சரிவில் தன் போக்கில் விட்டால் அது உருண்டு மோதி நொறுங்கிப்போகும். நம் கரியை எப்படியும் பொடியாக்கித்தான் கொதிகலனுக்கு அனுப்புவார்கள். அங்கோ, அதிகப் புகையில்லாமல் எரியும் அந்தக் கரியில் உடையாத கட்டிக்குத்தான் நல்ல விலை. எனவே, எஃகுக் கயிற்றில் வரிசையாக வட்டத் தட்டுகளைக் கோத்து, 1,385 அடி நீளத் தொட்டிப் பாதையில் கரியைத் தடுத்துத் தடுத்து மெதுவாக இறக்கியிருக்கிறார்கள். இழுப்பதற்கல்ல, பிடித்து நிறுத்துவதற்காகவே அமைத்த கன்வேயரை நான் என் வாழ்நாளில் முதன்முறையாக அங்கேதான் பார்த்தேன்.

அதைக் கட்டியது ஹென்றி ஃபோர்டின் கம்பெனி. தம் கார் தொழிற்சாலைக்கு வேண்டிய எஃகையும் அதற்கான கரியையும் தாமே உற்பத்தி செய்துகொள்ள வேண்டும் என்று நினைத்த அவர், 1920-இல் இந்தச் சுரங்கத்தைக் குத்தகைக்கு எடுத்தார். ரயில் மட்டும் அவர் கைக்குள் வரவில்லை. கரியைக் கொண்டுபோகும் பாதை வேறொருவரிடம் இருந்தால் சுரங்கம் இருந்து என்ன பயன்? 1928-இல் கைகழுவிவிட்டார். அதன் பிறகு சுரங்கம் பல கை மாறி 1958-இல் மூடப்பட்டது.

ஊருக்குப் பெயர் தந்த ஜான் நட்டல், இங்கிலாந்தில் சிறுவயதிலேயே சுரங்கத்தில் இறங்கியவர். ரயில் வரப்போவதை முன்கூட்டியே கணித்து 1870-இல் வேலையைத் தொடங்கினார். 1873-இல் ரயில் வந்தபோது கரி தயாராக இருந்தது. கீழே கல்லில் கட்டிய கோக் அடுப்புகள் இன்றும் வரிசையாக நிற்கின்றன. காற்றை மட்டுப்படுத்திக் கரியை வேகவைத்து, இரும்பு உருக்கத் தேவையான கோக்கை எடுப்பதற்கான அடுப்புகள் அவை. இப்போது அவற்றின் வாய்களில் பெரணி முளைத்திருக்கிறது. ரயில் பாதைமேல் நிற்கும் டிப்பிள், அதாவது கரியைச் சலித்து வண்டியில் கொட்டும் எஃகுக் கட்டடம், சற்றும் சாயவில்லை. நட்டல் குடும்பம் 1998-இல் இடத்தைத் தேசியப் பூங்காத் துறையிடம் ஒப்படைத்தது. பூங்காத் துறையினர் புதரை வெட்டி, விழ இருந்தவற்றை முட்டுக்கொடுத்து நிறுத்தினார்களே தவிர, புதிதுபோலப் பூசி மெழுகவில்லை. அது எனக்குப் பிடித்தது.

பிடிக்காத ஒன்றும் உண்டு. ஷார்ட் கிரீக் என்ற சிற்றோடைக்கு ஒரு பக்கம் வெள்ளையர் வீடுகள், மறுபக்கம் கறுப்பின மக்களின் வீடுகள். பள்ளியும் தேவாலயமும் தனித்தனி. வீடுகள் போய்விட்டன, அடித்தளக் கற்களே மிச்சம். ஊரும் சேரியுமாகப் பிரிந்த தெருக்களைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால், அந்த ஓடையின் அருகே எனக்கு யாரும் விளக்கம் சொல்லத் தேவைப்படவில்லை.

மலையின் மேல்பக்கமிருந்து கன்வேயரின் மேல்முனையில் இருக்கும் தலைக்கட்டடத்துக்கு ஒரு நடைபாதை இருக்கிறதாம். என் முழங்கால்தான் ஒத்துழைக்கவில்லை. குழந்தை கொஞ்சம் வளர்ந்ததும் நீங்கள் மூவரும் போய்வாருங்கள். அந்தக் கயிற்றைச் சுற்றிய சக்கரமும் அதை நிறுத்திய பிரேக்கும் இன்னும் அங்கே இருந்தால், பக்கவாட்டிலிருந்து தெளிவாகப் படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா